எலி பிழைத்தது சரி, அதன் மூக்கில் என்ன நடந்தது?

கேள்வி: நான் நானோ தொழில்நுட்பத்தில் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். ஃப்ளூ வைரஸின் புரதத்தைக் கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து கிடைக்கும் பாலிமர்) நானோ துகளில் ஏற்றி, மூக்கில் விடும் தடுப்பு மருந்து செய்வதுதான் என் ஆய்வுத் திட்டம். படித்த கட்டுரைகளில் எல்லாம் எலிகள் நூற்றுக்கு நூறு பிழைத்துவிடுகின்றன. அப்படியிருக்க, இவை ஏன் மருந்தாக வெளிவரவில்லை? எல்லோரும் செய்ததையே நானும் செய்து நேரத்தை வீணாக்குகிறேனா? நானோ துகள் மூக்கிலிருந்து மூளைக்குப் போய்விடும் என்று தோழி ஒருத்தி பயமுறுத்துகிறாள். பிஇஐ என்ற பாலிமரைச் சேர்த்தால் பலன் கூடும் என்கிறார் எங்கள் சீனியர். சேர்க்கலாமா?

பதில்: நேரத்தை வீணாக்கவில்லை. ஆனால் கடிதத்தில் இருக்கும் திட்டத்தை அப்படியே செய்தால், குவிந்து கிடக்கும் கட்டுரைகளோடு இன்னொன்று சேரும், அவ்வளவுதான். இந்தத் துறைக்கு வருகிற பலரும் துகளில்தான் ஆரம்பிக்கிறார்கள். அளவு 200 நானோமீட்டருக்குள் வந்ததா, மின்னேற்றம் நேர்மறையா, மின்னணு நுண்ணோக்கியில் உருண்டையாகத் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்தே பாதி வருடம் ஓடிவிடும். உண்மையில் துகள் செய்வது இதில் சுலபமான பகுதி. மூக்கில் எதை அளக்கப்போகிறீர்கள், எப்படி அளக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு ஏற்ற துகளை அப்புறம் தேடலாம்.

மூக்குவழி மருந்து எதற்கு என்பதிலிருந்து வருவோம். கையில் போடும் ஊசி ரத்தத்தில் ஐஜிஜி வகை ஆன்டிபாடிகளை உண்டாக்குகிறது. அவை நுரையீரலின் ஆழப் பகுதிக்குக் கசிந்து போய் அங்கே நன்றாகவே காக்கின்றன. மூக்கின் சளிப்படலத்துக்கு அவை வருவது கொஞ்சம்தான். அங்கே காவல் காப்பது ஐஜிஏ. இரண்டிரண்டாகக் கோக்கப்பட்டு, மூக்கின் மேல்தோல் செல்கள் வழியாகச் சளிக்குள் சுரக்கப்படும் ஆன்டிபாடி அது. வைரஸ் செல்லைத் தொடுவதற்கு முன்பே பிடித்துக்கொள்ளும். வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக வேஷம் மாற்றும் ஃப்ளூ வைரஸை ஐஜிஜியைவிட ஐஜிஏ பரவலாக அடையாளம் காண்கிறது என்பதற்கும் சான்றுகள் உண்டு. ஆக, நோய் கடுமையாகாமல் தடுப்பதற்காக மூக்குவழி மருந்து தேவையில்லை. அதை ஊசியே ஓரளவு செய்துவிடுகிறது. தொற்று மூக்கிலேயே பிடிக்காமல் தடுப்பது, பிடித்தாலும் அடுத்தவருக்குப் பரவாமல் தடுப்பது, இந்த இரண்டுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

இப்போது அந்த நூற்றுக்கு நூறு எலிகளுக்கு வருவோம். இத்தகைய ஆய்வுகளில் அடிக்கடி பயன்படும் வைரஸ் ஏ/பியூர்ட்டோ ரிக்கோ/8/1934, சுருக்கமாகப் பிஆர்8. 1934-ல் கிடைத்த வைரஸ், பல தலைமுறைகளாக எலிக்குப் பழக்கப்படுத்தப்பட்டது. அது எலியின் நுரையீரலைத் தாக்கித்தான் கொல்கிறது. அப்படியென்றால் எலி பிழைத்தது, எடை குறையவில்லை என்பதெல்லாம் நுரையீரல் காப்பாற்றப்பட்டதற்கான சான்று. அதே புரதத்தை ஊசியாகப் போட்டிருந்தாலும் அந்த எலி பிழைத்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மூக்கில் வைரஸ் குறைந்ததா என்பதற்கு, எத்தனை எலி பிழைத்தது என்று காட்டும் வரைபடத்தில் பதில் இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று, செய்முறைப் பகுதியில் ஒரே வரியில் ஒளிந்திருக்கும். நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் கட்டுரைகளை எடுத்து, எலிக்கு எத்தனை மைக்ரோலிட்டர் கொடுத்தார்கள், மயக்க மருந்து உண்டா என்று மட்டும் பாருங்கள். மயக்கிய எலியின் மூக்கில் 30 முதல் 50 மைக்ரோலிட்டர் விட்டால் மூச்சோடு அதில் பெரும்பகுதி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். எலியின் மூக்கு அவ்வளவு சின்னது. அதாவது மூக்குவழி மருந்து என்று தலைப்பில் இருக்கும். நடந்ததோ நுரையீரலுக்குள் மருந்து ஊற்றியது. நுரையீரலில் நோய் எதிர்ப்பு எளிதாகக் கிளம்பும், எண்களும் அழகாக வரும். மனிதருக்கு ஒரு துளையில் 0.1 மில்லி தெளித்தால் அது மூக்கில்தான் தங்கும், மிச்சம் தொண்டைக்குப் போய் விழுங்கப்படும். எலியில் கண்ட பலன் மனிதரிடம் காணாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

ஆகவே விழித்திருக்கும் எலிக்கு, துளைக்கு 5 மைக்ரோலிட்டர் வீதம் கொடுங்கள். பிப்பெட் முனையில் திரளும் துளியை மூக்குத் துளையின் ஓரத்தில் மெதுவாகத் தொட்டால் எலி தானே உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே செலுத்த வேண்டியதில்லை. தும்மினால் அந்த அளவைக் கணக்கில் சேர்க்காமல் குறித்து வையுங்கள். முதலில் இரண்டு மூன்று எலிகளுக்கு நீலச் சாயம் கலந்த கரைசலை இதே முறையில் கொடுத்து, மூக்கையும் நுரையீரலையும் திறந்து பாருங்கள். நுரையீரலில் நீலம் தெரிந்தால் கையைத் திருத்திக்கொள்ள வேண்டும். இந்த ஒரு படத்தை ஆய்வேட்டில் போட்டாலே தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார். இப்படிக் கொடுத்தால் ஆன்டிபாடி அளவு குறைவாகத்தான் வரும், மனம் தளர வேண்டாம். அதுதான் மூக்கின் நிஜமான அளவு.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். துகள் நானோ அளவில் இருப்பதால் அது நுரையீரல் வரை மிதந்து போகும் என்று பலர் நினைக்கிறார்கள். மருந்து எங்கே போய் விழும் என்பதைத் தீர்மானிப்பது துகளின் அளவல்ல, அதைச் சுமக்கும் நீர்த்துளியின் அளவு. நாசி ஸ்ப்ரேயின் துளிகள் பெரும்பாலும் 30 மைக்ரோமீட்டருக்கு மேல் இருக்கும், மூக்கிலேயே படியும். 10-க்குக் கீழே போனால்தான் நுரையீரல் கவலை. ஒரு துளிக்குள் எண்ணற்ற நானோ துகள்கள் இருக்கும். துளி படிந்த பிறகுதான் துகளின் அளவுக்கும் மின்னேற்றத்துக்கும் வேலையே ஆரம்பம்.

அந்த வேலைக்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. மூக்கின் நுண்மயிர்கள் சளியை ஓயாமல் தொண்டைப் பக்கம் நகர்த்திக்கொண்டே இருக்கின்றன; 15, 20 நிமிடங்களில் படிந்ததில் பெரும்பகுதி போய்விடும். கைட்டோசான் இங்கேதான் பேர் வாங்கியது. அதன் நேர்மின்னேற்றம் சளியின் எதிர்மின்னேற்றத்தோடு ஒட்டிக்கொள்கிறது, செல்களுக்கு இடையிலான இறுக்கமான இணைப்புகளையும் கொஞ்சம் தளர்த்துகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஓடுகிற பேருந்தின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டால் பேருந்தோடுதானே போவோம்? சளியோடு ஒட்டிய துகளும் சளியோடு வெளியேறும். அதனால்தான் வேறு சிலர் பாலிஎத்திலீன் கிளைக்கால் பூச்சு கொடுத்து, ஒட்டாமல் சளியை ஊடுருவிப் போகும் துகள்களைச் செய்கிறார்கள். எது மேல் என்பது துகளின் பொருளைப் பொறுத்தும் மருந்தின் அளவைப் பொறுத்தும் மாறுகிறது. நீங்கள் இரண்டையும் ஒரே புரதத்தில், ஒரே அளவில், அருகருகே வைத்து ஒப்பிட்டாலே பயனுள்ள வேலை. அளவிடும்போது தூய நீரில் மட்டும் அளக்காமல், உப்பும், சளிக்குப் பிசுபிசுப்பைத் தரும் மியூசின் புரதமும் கலந்த செயற்கை நாசித் திரவத்திலும் அளந்து பாருங்கள். தண்ணீரில் 150 நானோமீட்டராக இருந்தது அங்கே மைக்ரோமீட்டர் கணக்கில் கட்டி தட்டி நிற்பது சர்வ சாதாரணம்.

கைட்டோசானை வைத்து ஃப்ளூ புரதத்தைச் சுமப்பவர்கள் அவசியம் கவனிக்க வேண்டிய ஒன்று அமிலம். கைட்டோசான் அமிலத்தில்தான் கரையும். அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, டிரைபாலிபாஸ்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் துகள் செய்வீர்கள். உங்கள் புரதம், வைரஸின் மேற்பரப்பில் இருந்து செல்லைப் பிடிக்கும் ஹீமக்ளூட்டினின் என்றே வைத்துக்கொள்கிறேன். அந்தப் புரதத்தின் இயல்பே அமிலம் பட்டால் உருமாறுவதுதான். வைரஸ் செல்லுக்குள் நுழைந்ததும், அங்கே பிஎச் 5 முதல் 6-க்குள் இறங்கும்போது அது ஒரு சுருள்வில்லைப் போல விரிந்து செல்லின் படலத்தோடு இணைகிறது. ஒருமுறை விரிந்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. நீங்கள் பிஎச் 4.5 கரைசலில் அதைக் கலந்தால், எலிக்குள் போவது விரிந்த வடிவம். அதற்கு எதிராக ஆன்டிபாடி ஏராளமாக வரும். ஆன்டிபாடியை அளக்கும் எலைசா சோதனையிலும் பளிச்சென்று தெரியும். வைரஸைத் தடுப்பதிலோ கோட்டை விடும். இரண்டு துண்டாக வெட்டுப்பட்ட ஹீமக்ளூட்டினினுக்குத்தான் இந்த ஆபத்து. ஆய்வகத்தில் மரபணுவைப் புகுத்திச் செய்யும், வெட்டுப்படாத மறுசேர்க்கைப் புரதம் இதைத் தாங்கிவிடும். உங்கள் கையில் இருப்பது எது என்று வாங்கிய இடத்தின் தகவல் தாளில் பாருங்கள். பிஎச் 6-க்கு மேலும் கரையக்கூடிய டிரைமெத்தில் கைட்டோசான் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் துகளில் ஏற்றிய பிறகு, விரியாத வடிவத்தை மட்டும் அடையாளம் காணும் ஒற்றை ஆன்டிபாடி ஒன்றை வைத்துச் சோதியுங்கள். எத்தனை சதவீதம் புரதம் ஏறியது என்ற கணக்கைவிட, ஏறிய புரதம் சரியான வடிவில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

உடலில் சிதையும் இன்னொரு பாலிமரான பிஎல்ஜிஏவுக்கு மாறலாமா என்று தோன்றும். அதிலும் கரைப்பானும் மீயொலிக் கலக்கலும் புரதத்தைப் படுத்தும், சிதையும்போது உள்ளே அமிலமும் சேரும். தப்பித்த பொருள் என்று எதுவும் இல்லை.

சரி, மருந்தாக ஏன் வெளிவரவில்லை? இன்று மூக்கில் விடும் ஃப்ளூ தடுப்பு மருந்து என்று பரவலாக அறியப்பட்டது ஃப்ளூமிஸ்ட், 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதில் நானோ துகள் கிடையாது. இருப்பது பலவீனப்படுத்திய உயிருள்ள வைரஸ். மூக்கின் குளிர்ச்சியில் பெருகும், உடலின் உள்வெப்பத்தில் தடுமாறும்படி பழக்கப்பட்டது. பெருகுவதால்தான் மூக்கு அதைக் கவனிக்கிறது. நம் மூக்கு நாள் முழுக்கத் தூசியையும் மகரந்தத்தையும் இழுக்கிறது. ஒவ்வொன்றுக்கும் சண்டைக்குக் கிளம்பினால் மனிதன் மூச்சு விட முடியாது, அதனால் உயிரற்ற புரதம் எதைக் கண்டாலும் பேசாமல் விட்டுவிடுவது அதன் வழக்கம். அந்த அலட்சியத்தைக் கலைக்க ஒரு தூண்டுபொருள் வேண்டும். நானோ துகள் மருந்துகள் எல்லாம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

இதில் ஒரு பழைய சம்பவத்தை நீங்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். 2000-ல் சுவிட்சர்லாந்தில் பெர்னா நிறுவனத்தின் நாசால்ஃப்ளூ என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. ஃப்ளூ வைரஸின் புரதங்களைக் கொழுப்புப் படலத்தில் பதித்துச் செய்த வைரோசோம்கள், சுமார் 150 நானோமீட்டர். இன்றைய கணக்கில் அதுவும் ஒரு நானோ துகள் மருந்துதான். தூண்டுபொருளாக ஈ.கோலை பாக்டீரியாவின் வெப்பத்தில் சிதையும் நச்சைக் கொஞ்சம் சேர்த்திருந்தார்கள். அந்தக் குளிர்காலத்திலேயே, மருந்து எடுத்தவர்களில் சிலருக்கு முகத்தின் ஒரு பக்கம் செயலிழக்கும் பெல்ஸ் பால்ஸி வருவதாகத் தகவல்கள் வந்தன. மருந்து திரும்பப் பெறப்பட்டது. 2004-ல் வெளியான ஆய்வு, எடுத்தவர்களிடம் அந்த ஆபத்து ஏறக்குறைய 19 மடங்கு என்று கணக்கிட்டது. பெரும்பாலும் மருந்து எடுத்து ஒரு மாதத்துக்கு மேல் கழித்தே அது வந்தது என்பதையும் கவனியுங்கள். பிறகு அதே நச்சின் வீரியம் குறைத்த வடிவத்தை வேறு இரண்டு மருந்துகளின் மூக்குவழிச் சோதனைகளில் பயன்படுத்தியபோதும் தன்னார்வலர்கள் இருவருக்கு அதே பிரச்சினை வந்தது. அதன் பிறகு மூக்கில் எந்தப் புதிய தூண்டுபொருளைக் கொண்டுபோனாலும் ஒழுங்குமுறை அமைப்புகள் துருவித் துருவிக் கேட்கின்றன. கேட்க வேண்டியதுதான். ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுக்கும் மருந்து அல்லவா?

இன்னொரு பாடம் 2022-ல் கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டு குழு, ஊசியாக வெற்றி பெற்ற தன் கோவிட் மருந்தை மூக்கில் தெளித்துப் பார்த்தது. பங்கேற்றவர்களில் சிறுபான்மையினரிடம் மட்டுமே மூக்கில் ஆன்டிபாடி தெரிந்தது, அதுவும் பலவீனமாக. ஊசிக்கான திரவத்தை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றினால் மட்டும் மூக்குவழி மருந்து ஆகிவிடாது.

உங்கள் திட்டத்தை எங்கே திருப்பலாம் என்று கேட்டால், நான் ஒன்றைச் சொல்வேன். ஃப்ளூவையே பார்த்திராத எலியை விட்டுவிடுங்கள். பள்ளி வயதைத் தாண்டிய மனிதர் ஏறக்குறைய எல்லோரும் ஒருமுறையாவது ஃப்ளூ வந்தவர்கள் அல்லது ஊசி போட்டவர்கள். உயிருள்ள மூக்குவழி மருந்து குழந்தைகளிடம் வேலை செய்யும் அளவுக்குப் பெரியவர்களிடம் செய்வதில்லை. ஏற்கனவே இருக்கும் எதிர்ப்பு அந்த வைரஸைப் பெருகவிடாமல் அடக்கிவிடுவது அதற்கு ஒரு விளக்கம். பெருக வேண்டிய அவசியமே இல்லாத நானோ துகளுக்கு அந்தத் தடை இல்லை. முன்பே பழகிய உடலைத் தட்டி எழுப்பக் கடுமையான தூண்டுபொருளும் தேவைப்படாமல் போகலாம். 2022-ல் யேல் பல்கலைக்கழகத்தில் அகிகோ இவாசாகியின் குழு கோவிட் மருந்தில் இதைக் காட்டியது: முதலில் கையில் ஊசி, பிறகு தூண்டுபொருள் எதுவும் இல்லாத வெறும் ஸ்பைக் புரதம் மூக்கில். எலியின் சளிப்படலத்தில் ஐஜிஏவும், அங்கேயே தங்கி, வைரஸை நினைவில் வைத்திருக்கும் டி செல்களும் உருவாயின. ஆகவே எலிக்கு முதலில் சாதாரண ஃப்ளூ ஊசி, சில வாரங்கள் கழித்து உங்கள் துகள் மூக்கில். ஒப்பிட மூன்று குழுக்கள் போதும்: இரண்டாவதும் ஊசி, மூக்கில் வெறும் புரதம், மூக்கில் துகளில் ஏற்றிய புரதம். வெறும் புரதத்தைத் துகள் தோற்கடிக்கவில்லை என்றால் அதுவும் ஒரு நேர்மையான முடிவே. அந்த ஒப்பீட்டுக் குழுவே இல்லாத கட்டுரைகளை நான் நிறையப் படித்துவிட்டேன்.

அளப்பதில் கவனம். ஊசிக்கு ரத்தத்தில் 1:40 என்ற அளவுகோல் இருக்கிறது, அதாவது ரத்தச் சீரத்தை 40 மடங்கு நீர்த்த பிறகும் அது ஹீமக்ளூட்டினினைத் தடுக்க வேண்டும். மூக்குக்கு அப்படி ஒப்புக்கொள்ளப்பட்ட எண் இல்லை. மூக்கைக் கழுவி எடுக்கும் நீர் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவுக்குச் சளியைக் கரைத்து வரும், அதனால் ஃப்ளூவுக்கான ஐஜிஏவை மொத்த ஐஜிஏவின் விகிதமாகச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் நிறுத்தாமல் மூன்றாம் மாதமும் எடுங்கள், சளிப்படல ஆன்டிபாடி சீக்கிரம் வடியக்கூடியது. வைரஸ் கொடுத்துச் சோதிக்க வசதி இருந்தால் நுரையீரலோடு மூக்கின் உட்சுருள் எலும்புப் பகுதியிலும் வைரஸை எண்ணுங்கள். பரவலைச் சோதிக்க எலி உதவாது, அதற்குக் கீரி போன்ற ஃபெரட்டோ கினிப் பன்றியோ வேண்டும். முதுகலைத் திட்டத்தில் அது வேண்டாத சுமை.

தோழியின் பயம் வெறும் புரளி அல்ல. வாசனை நரம்புகள் மூக்கின் கூரையிலிருந்து நேரே மூளைக்குப் போகின்றன. எலியின் மூக்கில் ஏறக்குறைய பாதிப் பரப்பு வாசனைக்கானது, மனிதருக்கு அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆக எலி இந்த ஆபத்தைப் பெரிதுபடுத்திக் காட்டும். ஆனாலும் சோதிக்காமல் வாதாட முடியாது. 2010-ல் டோக்கியோவில் ஹிரோஷி கியோனோவின் குழு, நேர்மின்னேற்றம் கொண்ட புல்லுலான் என்ற சர்க்கரைப் பாலிமரின் நானோஜெல்லில் புரதத்தை ஏற்றி, கதிரியக்க அடையாளம் இட்டுப் பின்தொடர்ந்து, அது வாசனைக் குமிழிலோ (வாசனை நரம்புகள் போய்ச் சேரும் மூளையின் முன்பகுதி) மூளையின் மற்ற பகுதியிலோ சேரவில்லை என்று காட்டியது. நீங்கள் ஒளிரும் சாயம் இட்ட புரதத்தை வைத்து வாசனைக் குமிழை 1, 6, 24 மணி நேரங்களில் எடுத்துப் பாருங்கள். சாயம் புரதத்திலிருந்து கழன்றுவிடவில்லை என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிஇஐ விஷயத்தில் உங்கள் சீனியர் சொல்வது தவறில்லை, எலிகளில் நல்ல எண்கள் தருகிறது. ஆனால் அதன் அடர்ந்த நேர்மின்னேற்றம் செல் படலங்களைக் கிழிக்கக்கூடியது, மூலக்கூறு எடை கூடக் கூட நச்சும் கூடும், உடலில் எளிதில் சிதையவும் செய்யாது. நுண்மயிர்களை முடக்கிக் கிடைக்கும் பலனை மருந்தின் பலன் என்று எண்ணிவிடும் அபாயமும் உண்டு. நான் சேர்க்க மாட்டேன். சீனியர் வற்புறுத்தினால் குறைந்த மூலக்கூறு எடையில் ஒரு தனிக் குழுவாக வைத்து, கொடுத்த மறுநாள் அந்த எலிகளின் மூக்குத் திசுவை வெட்டி நுண்மயிர்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.